துத்தி இலைக்குள்ள யாரு?



நீங்கள் தினமும் பஸ்ஸுக்காக நிற்கிற இடத்துக்குப் பின்னால் ஒரு செடி இருக்கும். இடுப்பு உயரம். இதய வடிவில் இலை, தொட்டால் வெல்வெட் துணி மாதிரி. பூ மஞ்சள், அதுவும் மதியம் தாண்டித்தான் விரியும். நாம் காலை எட்டேகால் பஸ்ஸைப் பிடிக்கிற ஆட்கள், அதனால் பூவைப் பார்த்திருக்க மாட்டோம். ஆனால் காயைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். மெக்கானிக்கல் மக்கள் யாரிடமாவது காட்டினால் உடனே சொல்லிவிடுவார்கள்: அச்சு அசல் பல்சக்கரம். சின்ன வயதில் அதைக் களிமண்ணில் குத்தி முத்திரை விளையாடியவர்கள் நம்மில் பாதிப் பேர். துத்திச் செடி. பணியாரத் துத்தி என்றும் சொல்வார்கள். செடியியல் பெயர் அபுடிலான் இண்டிகம். பருத்தி, வெண்டை, செம்பருத்திக்கெல்லாம் சொந்தக்காரச் செடி.

இந்தக் கட்டுரை அந்தச் செடியின் இலையை மடித்து வீடு கட்டிக் குடியிருக்கும் ஒரு பட்டாம்பூச்சியைப் பற்றியது. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஏழெட்டு மாதம் ஆனது. நடுவில் ஒரு புழுவைக் கொன்றேன், ஒரு பொய்யை ஸ்டேட்டஸ் போட்டேன். இரண்டையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

என் ஊர் மயிலம் பக்கம். கூட்டேரிப்பட்டு வந்து விழுப்புரம் பஸ் ஏறுகிறவள் நான், ஈசிஇ மூன்றாம் வருஷம். 2024 ஜூலையில் செமஸ்டர் லீவில் வீட்டில் இருந்தபோது ஆயா என்னை ஏரிக்கரைக்கு அனுப்பியது. துத்தி இலை வேண்டும். துத்தி இலையை விளக்கெண்ணெயில் வதக்கிக் கட்டினால் மூலத்துக்கு நல்லது என்பது நம் பக்கத்து வைத்தியம். யாருக்காக என்று எழுதினால் எனக்கு வீட்டில் சோறு கிடைக்காது, விட்டுவிடலாம்.

ஒரு பை நிறையப் பறித்து வந்து கொட்டினேன். ஆயா ஒவ்வொரு இலையாக எடுத்து, சிலதைத் தூக்கி எறிந்துகொண்டே வந்தது.

"இன்னாத்துக்கு ஆயா எறியுற? நல்லாத்தான கீது?"

"பூச்சி வூடு கட்டிக்கினு கீதுடி. மடிச்சுக்கினு கீது பாரு. இத கட்டுனா அரிக்கும்."

எறிந்த இலையில் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். இலையின் ஓரத்தை யாரோ கவனமாகக் கத்தரித்து, அந்தத் துண்டை மேல் பக்கமாக மடித்து, வெள்ளை நூலால் நாலு தையல் போட்ட மாதிரி இருந்தது. பிரித்தேன். உள்ளே ஒரு புழு. உடம்பு மங்கலான நிறம், மெல்லிய மயிர், கறுத்த பெரிய தலை. தலைக்கும் உடம்புக்கும் நடுவே கழுத்து மாதிரி ஒரு ஒடுக்கம். புழுவுக்குக் கழுத்தா என்று சிரிப்பு வந்தது. சும்மா ஒரு ஆசையில், இலையோடு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு மூடியை இறுக்கமாக மூடினேன்.

மூன்றாம் நாள் பாட்டில் உள்பக்கம் முழுக்க வேர்த்திருந்தது. இலை கறுத்து, பூஞ்சை பிடித்து, புழு அதற்குள் கூழாகிக் கிடந்தது. மூடியில் ஓட்டை போட்டால் மூச்சு விடும் என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை. இத்தனைக்கும் அந்த செமஸ்டரில் ஹீட் சிங்க் பற்றி எட்டு மார்க் கேள்விக்கு நன்றாகவே எழுதியிருந்தேன். ஆயா பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்து வைத்தது, ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை போல இருந்தது.

அது ஆகஸ்டில் வேறு உருவத்தில் திரும்ப வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏரிக்கரை ஒற்றையடிப் பாதையில் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய ஏதோ ஒன்று முழங்கால் உயரத்தில் விர்ரென்று போய், காய்ந்த குச்சியில் உட்கார்ந்தது. சிறகைத் தட்டையாக விரித்து வைத்திருந்தது. முதலில் விட்டில் என்றுதான் நினைத்தேன். ஆனால் உணர்கொம்பின் நுனி தடித்து, லேசாக வளைந்து கொக்கி போல இருந்தது. அது விட்டில் அல்ல, ஸ்கிப்பர் என்ற பட்டாம்பூச்சிக் குடும்பம் என்று அன்று ராத்திரி படித்துத் தெரிந்துகொண்டேன். தமிழில் தாவி என்றும் துள்ளி என்றும் எழுதுகிறார்கள். உலகம் முழுக்க 3,500-க்கு மேல் இனங்கள். தடித்த உடம்பு, அகலமான தலை, பறப்பதைப் பார்த்தால் கல்லை வீசின மாதிரி. அழகுப் போட்டியில் வண்ணத்துப்பூச்சி உலகம் இவர்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. ஹெஸ்பெரிடே குடும்பம் என்றால் பாதிப் பேர் விட்டில் என்று ஒதுக்கிவிடுவார்கள், நான் ஒதுக்கப் பார்த்த மாதிரி.

நான் எடுத்த படத்தில் பாதி ஆட்டம், மீதி புல். பழுப்புச் சிறகில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. இணையத்தில் தேடினால் முதலில் வருவது 'இந்தியன் ஸ்கிப்பர்', ஸ்பையாலியா கால்பா. பழுப்பு, வெள்ளை, சின்ன உருவம். எல்லாம் பொருந்துகிறது அல்லவா? பெயரைப் போட்டு ஸ்டேட்டஸ் வைத்தேன். கடைசியில் ஒரு முற்றுப்புள்ளி வேறு. அறுபத்து மூன்று பேர் பார்த்தார்கள். யாருமே மறுக்கவில்லை. யாருக்குமே தெரியாத விஷயத்தில் சரியாக இருப்பது எவ்வளவு சுலபம் பாருங்கள்.

மறுத்தவர் ஒருவர்தான். திண்டிவனத்தில் விலங்கியல் பாடம் எடுக்கும் ஐயா, என் பள்ளித் தோழியின் அப்பா. போன் செய்தார்.

"படம் பாத்தேம்மா. இலை எங்க?"

"எந்த இலை ஐயா?"

"அது முட்டை வைக்கிற இலை. சுத்தி என்ன செடி இருந்துது?"

"பூச்சியத்தான் ஐயா பாத்தேன்."

"அதான் தப்பு. இந்த மாதிரி சின்னத் தாவியெல்லாம் பறக்குற நேரத்துல புடிச்சு பேர் கேட்டா சொல்லாது. அதோட செடிகிட்ட போய் நில்லு. அம்மா வீட்டு விலாசம் தெரிஞ்சா ஆள் யாருன்னு பாதி தெரிஞ்சிடும்."

பட்டாம்பூச்சி எந்தச் செடியில் வேண்டுமானாலும் தேன் குடிக்கும், முட்டை மட்டும் எல்லாச் செடியிலும் வைக்காது. எலுமிச்சை, கறிவேப்பிலையில் வளரும் புழு எருக்கில் வளராது. எருக்கில் வளர்வது புங்கனில் வளராது. புங்க மரத்தின் தளிரைத் தின்னும் தாவி ஒன்று உண்டு, அதை நம் ரோட்டோரப் புங்க மரங்களில் சாதாரணமாகப் பார்க்கலாம். இந்த விஷயம் பள்ளிப் புத்தகத்தில் படித்ததுதான், ஆனால் படம் எடுக்கிற நேரத்தில் எவனுக்கு ஞாபகம் வருகிறது?

அடுத்த ஞாயிறு அதே இடத்துக்குப் போனேன். பாதையின் இரண்டு பக்கமும் துத்தி. அப்போதுதான் ஜூலை மாதத்துப் பாட்டில் நினைவுக்கு வந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

இந்த முறை ஒழுங்காகச் செய்தேன். பிளாஸ்டிக் டப்பாவின் வாயில் கொசுவலைத் துணி, அடியில் செய்தித்தாள், தினமும் புது இலை. முதல் பாடம், மடித்த இலையெல்லாம் ஒரே ஆள் வீடு இல்லை. வெண்டைத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இலைச்சுருட்டுப் புழுவைத் தெரியும். அது ஒரு விட்டிலின் புழு. துத்தியிலும் வரும். அது இலையைப் புனல் மாதிரி சுருட்டும். பிரித்தால் உள்ளே பளபளப்பான பச்சைப் புழுவும், கறுப்புக் கறுப்பாகக் குவிந்த அதன் புழுக்கையும் இருக்கும். தாவியின் வீடு அப்படி இல்லை. மடிப்பு. பிரித்தால் உள்ளே துடைத்து வைத்த மாதிரி சுத்தம். நான் பிரித்த வீடு எதிலும் ஒரு புழுக்கைகூட இல்லை.

எங்கே போகிறது? இங்கே நீங்கள் நிமிர்ந்து உட்காருங்கள், இது நம்ம சிலபஸ். தாவிப் புழுக்கள் புழுக்கையை வீட்டுக்கு வெளியே சுடுகின்றன. 'போடுகின்றன' இல்லை, சுடுகின்றன. கல்வாழை இலையைத் தின்னும் ஒரு அமெரிக்கத் தாவியை வைத்து 1998-ல் இதன் இயந்திரத்தை விளக்கினார்கள். பின்முனையில் சீப்பு போல ஒரு தகடு இருக்கிறது. அது தாழ்ப்பாள் மாதிரி பிடித்துக்கொள்ள, புழு தன் ரத்த அழுத்தத்தைப் பின்பக்கமாக ஏற்றுகிறது. தாழ்ப்பாள் விடுபட்டதும் புழுக்கை பறக்கிறது. சுத்தமான ஹைட்ராலிக்ஸ். இன்னொரு அமெரிக்கத் தாவியில், ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் மார்த்தா வைஸ் 2003-ல் அளந்து எழுதியது: தன் உடல் நீளத்தைப் போல 38 மடங்கு தூரம் வரை. ஐந்தரை அடி ஆள் ஒருவர் இருநூறு அடிக்கு மேல் எறிவதற்குச் சமம். ஏன் இவ்வளவு மெனக்கெடல் என்றும் அவர் சோதித்தார். புழுக்கையின் வாடையைப் பிடித்துக் குளவி வருகிறது. வீடு சுத்தமாக இருந்தால் குளவிக்கு விலாசம் கிடைப்பதில்லை.

ராத்திரி படித்துக்கொண்டிருக்கும்போது டப்பாவின் சுவரில் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு 'டிக்'. என் தம்பி அதைக் கேட்டு, "அக்கா, உன் புழு மோர்ஸ் கோடு அனுப்புது, டீகோட் பண்ணு" என்பான்.

செப்டம்பரில் அந்தப் புழு சாப்பாட்டை நிறுத்தியது. கூட்டுப்புழு ஆகப்போகிறது என்று நானும் தம்பியும் குதித்தோம். இரண்டாம் நாள் காலை பார்த்தால் உடம்பின் மேல் அரிசி நொய் மாதிரி வெள்ளைக் கூடுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒட்டுண்ணிக் குளவி. நான் பறித்து வருவதற்கு முன்பே அது புழுவுக்குள் முட்டை வைத்திருக்கிறது. அதன் பிள்ளைகள் உள்ளே வளர்ந்து, வெளியே வந்து கூடு கட்டிவிட்டன. எவ்வளவு சுத்தமாக வீடு வைத்திருந்தாலும் சில குளவிக்கு விலாசம் கிடைத்துவிடும். வெறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் ஐயா போனில் சிரித்தார். "குளவி வந்துருக்குன்னா அங்க புழு இருக்குன்னு அர்த்தம்மா. ஒண்ணு ரெண்டு இருக்குற எடத்துல குளவி பொழைக்க முடியாது. தேடு."

தேடியதில் முட்டையும் கிடைத்தது. இலைக்கு ஒன்றுதான், குண்டூசித் தலையைவிடச் சின்னது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக வரம்பு. வேறு ஒரு செடியில் கொஞ்சம் வளர்ந்த புழு ஒன்றும் கிடைத்தது. அதை எடுத்து வந்தேன். அது இலைக்குள்ளேயே கூட்டுப்புழு ஆனது. எட்டாம் நாள் காலை கூட்டின் தோல் கறுத்து, சிறகின் உள்ளே ஒரு வெள்ளைப் பட்டை நிழலாகத் தெரிந்தது. அன்றைக்கு முதல் பீரியட் ஒரு லேப். போகவில்லை. ரெக்கார்டில் அந்த ஒரு கையெழுத்து இன்னும் பாக்கி.

ஒன்பதே முக்காலுக்கு வெளியே வந்தது. ஈரமாக, சுருங்கி, அழுக்குத் துணி மாதிரி. அரை மணி நேரத்தில் சிறகு விரிந்தது. விரிந்தபோதுதான் தெரிந்தது, நான் ஆகஸ்டில் போட்ட பெயர் தப்பு.

ஸ்பையாலியா கால்பாவின் சிறகு கரும்பழுப்பு. அதன்மேல் தனித்தனி வெள்ளைப் புள்ளிகள், சுண்ணாம்புத் தண்ணீரைத் தெளித்த மாதிரி. என் கையில் இருந்ததற்கு அப்படிப் புள்ளிகள் இல்லை. முன்சிறகில் பழுப்பும் சாம்பலும் பாசிப்பச்சையும் ஒன்றோடொன்று கலந்து, பளிங்குக் கல்லின் ஓட்டம் போல. நுனியில் மட்டும் சில கண்ணாடிப் பொட்டுகள். பின்சிறகின் நடுவே அகலமாக ஒரு வெள்ளைப் பட்டை. ஏரிக்கரையில் பார்த்த பூச்சி வயதானது, செதில் உதிர்ந்து பச்சை போய்விட்டது. அதனால்தான் வெறும் பழுப்பும் வெள்ளையுமாகத் தெரிந்தது. படத்தை அனுப்பினேன், இந்த முறை இலையோடு. ஐயா ஒரே வரியில் பதில் போட்டார்: "கோமாலியா எல்மா. எங்கேயும் நிறைய இருக்காது. வாழ்த்துகள்."

ஆங்கிலத்தில் இதற்கு ஆப்பிரிக்கன் மார்பிள்ட் ஸ்கிப்பர் என்று பெயர். மயிலத்து ஏரிக்கரையில் பிறந்ததற்கு ஏன் ஆப்பிரிக்கப் பெயர்? முதலில் விவரித்து எழுதியது ரோலண்ட் டிரைமன், 1862-ல், தென்னாப்பிரிக்கப் பூச்சிகளை வைத்து. அவர் பிறந்தது 1840. கணக்குப் போட்டுப் பாருங்கள், நம் ஃபைனல் இயர் அண்ணன்கள் வயது. ஆப்பிரிக்கா, அரேபியா, இந்தியா, இலங்கை என்று பரந்து கிடக்கும் பூச்சி இது. நம் பக்கத்து வகைக்கு 1879-ல் ஃப்ரெடெரிக் மூர் ஆல்போஃபாசியாட்டா என்று பெயர் வைத்தார். 'வெள்ளைப் பட்டை உடையது' என்று பொருள். கோமாலியா என்ற பேரினமும் அவர் வைத்ததுதான். இதில் எனக்குப் பிடித்த துணுக்கு ஒன்று உண்டு. ரோலண்டின் தம்பி ஹென்றி டிரைமன் செடியியல்காரர், இலங்கையில் பேராதனை தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்து, இலங்கைச் செடிகளைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர். அண்ணன் பூச்சி, தம்பி செடி. ஐயா கேட்ட கேள்வியை அந்த வீட்டில் சாப்பாட்டு மேசையிலேயே கேட்டிருக்கலாம்.

தமிழில் பரவலான பெயர் என் கண்ணில் படவில்லை. நான் பளிங்குத் தாவி என்று கூப்பிடுகிறேன். ஆயா 'மூலப் பூச்சி' என்கிறது. இரண்டில் எது நிலைக்கும் என்று தெரிகிறது, இருந்தாலும் முயற்சி செய்கிறேன்.

இப்போது கொஞ்சம் சிக்கலான இடத்துக்கு வருகிறேன்.

அக்டோபர் கடைசியில் ஒரு வியாழக்கிழமை காலேஜ் விட்டு வந்தால், ஏரிக்கரையில் என் பாதை மொட்டை. இருநூறு அடிக்கு ஒரு செடி இல்லை. வெட்டிக் குவித்திருந்தது. துத்தி, ஆவாரை, எருக்கு எல்லாம் ஒரே குவியல். குவியலைக் கிளறினேன். மடித்த இலைகள் வாடித் தொங்கின. கோபத்தில் வீட்டுக்குப் போய், "யாரு ஆயா கரைய வெட்டுனது?" என்று கத்தினேன்.

ஆயா மம்முட்டியைக் கழுவிக்கொண்டிருந்தது. "நாங்கதான். ஏரி வேலை. இன்னாடி?"

நூறு நாள் வேலையை எங்கள் ஊரில் ஏரி வேலை என்றுதான் சொல்வார்கள். அந்த வருஷத்துக்கு அறிவித்த கூலி நாளுக்கு 319 ரூபாய். என் பஸ் காசு, ஜெராக்ஸ் காசு, அந்தக் கொசுவலைத் துணி வாங்கின காசு எல்லாம் எங்கிருந்து வந்தது? நான் வாயை மூடிக்கொண்டேன். வாழிடம், பாதுகாப்பு என்று நான் படித்து வைத்திருந்த வார்த்தை ஒன்றும் அந்த மம்முட்டியின் முன்னால் வெளியே வரவில்லை.

ராத்திரி ஆயாவே பேச்சை எடுத்தது. "வெட்டலன்னா இன்னா ஆவும் தெரியுமா? அக்கர பாத்தியா?"

ஏரியின் எதிர்க்கரை எங்கள் ஊர்க் கணக்கில் வராது, பல வருஷமாக யாரும் வெட்டவில்லை. மறுநாள் போய்ப் பார்த்தேன். முழுக்க வேலிகாத்தான், உங்கள் ஊரில் சீமைக்கருவேலம். உள்ளே நுழைய முடியாது. அதன் நிழலில் தேடித் தேடிப் பார்த்தேன், ஒரு துத்திகூட இல்லை. துத்தி வெயில் கேட்கும் செடி. கலைத்துப்போட்ட மண்ணில், வரப்பில், ரயில் பாதை ஓரத்தில், மல்லாட்டைக் கொல்லையின் வேலியில் வரும். (மல்லாட்டை என்றதும் ஒன்று: டி.எம்.வி. என்று தொடங்கும் நிலக்கடலை ரகங்களில் அந்த மூன்று எழுத்து திண்டிவனத்தைக் குறிக்கிறது, அங்கே உள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவானவை. புளியங்காடு என்று பெயர் வாங்கின ஊர் கடலையில் கையெழுத்துப் போட்டிருக்கிறது.)

ஆக, நான் தேடிய இடத்தில் இந்தப் பூச்சி இருந்ததற்குக் காரணமே ஆயா மாதிரி ஆட்கள் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கரையை வெட்டியதுதான். அடர்ந்த காட்டைத் தேடிப் போகும் பூச்சியாக இருந்திருந்தால் அதற்கு வேலி போட்டுக் காப்பாற்றலாம். இதற்கு வேலி போட்டால் வேலிகாத்தான்தான் வரும். வெட்டாமல் இருந்தாலும் போச்சு, ஒரேயடியாக வழித்தாலும் போச்சு. கொஞ்சம் விட்டு வெட்டினால் பிழைக்கும். வெட்டாமல் விட்ட துண்டிலிருந்து பூச்சி நடந்து வர வேண்டியதில்லை, பறந்து வரும்.

இதை ஆயாவிடம் சொன்னேன். "மேஸ்திரி கோடு போட்டு உட்டா அது வரைக்கும் வெட்டணும். நடுவுல உட்டா இன்னா இது மொறவாசலான்னு கேப்பாங்க" என்றது. நியாயம்தான்.

வெட்டாத துண்டு ஒன்று மதகுக்குப் பக்கத்தில் மிச்சம் இருந்தது, பத்துப் பன்னிரண்டு செடி. நவம்பரில் அங்கே இரண்டு புழு கண்டுபிடித்தேன். பெரிய மனுஷி மாதிரி முடிவெடுத்து, எடுத்து வராமல் அங்கேயே விட்டேன்.

நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. அப்புறம் நகரவே இல்லை. டிசம்பர் 1 காலை வரையிலான ஒரே நாளில் மயிலத்தில் சுமார் 50 செ.மீ. மழை. இதைப் படிக்கிற விழுப்புரத்துக்காரர்களுக்கு நான் எதையும் விவரிக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் அரிசி மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றி, கட்டில்கால் நனைவதைப் பார்த்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தோம். கூட்டேரிப்பட்டுக்கு எப்போது பஸ் வரும் என்று தெரியாத நாட்கள் அவை. புழு எனக்கு ஞாபகம் வந்தது நாலாம் நாள். ஞாபகம் வந்ததற்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது, பக்கத்துத் தெருவில் மாடு செத்துக் கிடந்தபோது.

தண்ணீர் வடிந்தபின் மதகுப் பக்கம் போனேன். துத்தி நின்றுகொண்டுதான் இருந்தது, இலை மட்டும் இல்லை. தண்டு முழுக்கச் சேறு பூசி, காய்களில் சேறு அடைத்து, பல்சக்கரம் கிரீஸ் பிடித்த மாதிரி. ஐயாவுக்குப் போன் செய்தேன். அவர் வீட்டிலும் தண்ணீர் ஏறி, புத்தகமெல்லாம் மாடியில் காய்ந்துகொண்டிருந்தது. துத்தி விதைக்குத் தோல் கெட்டி, மண்ணில் கிடந்து காத்திருக்கும், தை மாசம் பார் என்றார்.

தை மாசம் முளைத்திருந்தது. மொட்டையாக வெட்டிய அந்த இருநூறு அடியில்தான் அதிகம். சேறு படிந்த மண்ணில், மேலே நிழல் எதுவும் இல்லாமல், வரிசை வரிசையாகக் குட்டி இதயங்கள். மாசி பிறக்கும்போது முழங்கால் உயரம்.

ஏரி வேலையும் திரும்ப ஆரம்பித்தது. மதகுப் பக்கத்தை அடிப்பதாக இருந்தார்களாம். சாயங்காலம் ஆயா வந்து, கேட்காமலேயே சொன்னது: "அந்தப் பன்னெண்டு செடிய உடச் சொல்லிட்டேன்."

"எப்படி ஆயா? மேஸ்திரி ஒத்துக்கினாரா?"

"மூலத்துக்கு மருந்துன்னேன். அவருக்கும் கீதாம். நாலு இலை பறிச்சுக்கினு போனாரு."

மாசி கடைசியில் ஒரு சனிக்கிழமை, சாயங்காலம் நாலு மணி, பூவெல்லாம் விரிந்திருந்தது. ஒவ்வொரு இலையாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். சுருட்டியது மூன்று, மூன்றிலும் புழுக்கை, விட்டில். ஒன்பதாவது செடியில், கீழிருந்து இரண்டாவது இலையில், ஓரத்தைக் கத்தரித்து ஒரு மடிப்பு. நாலு தையல். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் உள்ளே சின்னதாக ஒரு நிழல், கறுத்த தலை.

பிரிக்கவில்லை. இலையோடு சேர்த்து ஒரு படம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். திங்கட்கிழமை இன்டர்னல் வேறு இருந்தது.